கிளெமாட்டிஸ்: காம்பால் பிடித்து ஏறும் கொடியும் நெல்லை வெயிலும்

கிளெமாட்டிஸுக்குக் கிழங்கு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஐந்து நிறக் கிளெமாட்டிஸ் கிழங்கு, வீட்டுக்கே வந்து சேரும்" என்று போனில் வந்த விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவர்களில் நானும் ஒருவன். வந்த கிழங்குகளைப் புதைத்து, தண்ணீர் ஊற்றி, இருபது நாள் காத்திருந்தேன். முளைத்தது டேலியா. அதுவும் சுமாரான டேலியா. சின்ன உறையில் போட்டு விற்கிற விதையும் ஏறக்குறைய இதே கதைதான். பெரிய பூ பூக்கும் வகைகளின் விதை முளைக்கவே பல மாதம் ஆகும், சில நேரம் வருடக் கணக்காகும். முளைத்து வந்தாலும் படத்தில் பார்த்த பூவே வரும் என்று சொல்ல முடியாது. வேர் பிடித்த கன்றாக வாங்குவதுதான் வழி.

அப்படி ஒரு கன்று பிறகு எனக்குக் கிடைத்தது. கொடைக்கானலில் சித்தப்பா வீட்டு வாசல் வளைவில் ஊதாக் கிளெமாட்டிஸ் ஒன்று படர்ந்து கிடக்கிறது. அதில் பதியன் போட்டு எடுத்த கன்றை, ஒரு கார்த்திகை மாதம், பஸ்ஸில் மடியில் வைத்தபடி பாளையங்கோட்டைக்குக் கொண்டு வந்தேன். மொட்டை மாடியின் கிழக்குச் சுவரோரம் தொட்டியில் வைத்து, மேலே கம்பி கட்டி விட்டேன். மாசியில் மூன்று பூ பூத்தது. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பக்கத்து மாடியில் வற்றல் காயப்போட வந்த ஆச்சி சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏல, இது என்ன பூவு?"

"கிளெமாட்டிஸ், ஆச்சி. வெளிநாட்டுக் கொடி."

குனிந்து மோந்து பார்த்தார். "மணமே இல்லியே. தலையில வைக்கலாமா?"

"காம்பு தொடுக்க வராது ஆச்சி."

"சாமிக்கு?"

நான் பேசாமல் நின்றேன்.

"அப்பம் எதுக்குல வளக்கே?"

நியாயமான கேள்வி. சங்கரன்கோவில் பிச்சியையும் மல்லிகையையும் பார்த்து வளர்ந்த ஊரில், மணமும் இல்லாமல் மாலைக்கும் ஆகாமல் ஒரு பூ எதற்கு? உலகத்தின் வேறு வேறு மூலைகளில் இந்தக் கேள்விக்கு வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பதில்களைத்தான் "கிளெமாட்டிஸின் குறியீடு" என்று இப்போது பட்டியல் போடுகிறார்கள். பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியவை. ஆனால் ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் செடியின் உடம்பில்தான் போய் நிற்கிறது. எனவே உடம்பிலிருந்து தொடங்குவோம்.

கிளெமாட்டிஸ் என்பது ஒரு செடியின் பெயர் அல்ல, ஒரு பேரினத்தின் பெயர். அதில் ஏறக்குறைய 300 இனங்கள் உண்டு. கிரேக்கத்தில் கொடியின் தளிரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். இந்தக் கொடிகளில் பெரும்பாலானவை ஏறுகிற விதம்தான் வேடிக்கை. அவரை தன் தண்டையே கொம்பில் சுற்றும். பாகலும் பீர்க்கும் பற்றுக்கம்பி விடும். கிளெமாட்டிஸ் இரண்டும் செய்யாது. இலைக்காம்பை வளைத்துப் பிடிக்கும். அதாவது, இலையைத் தாங்க வேண்டிய காம்பே கையாகிவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு விளக்குமாற்று ஈர்க்கு போதும். காலையில் இளங்காம்பு ஒன்றின் அடியில் ஈர்க்கு படும்படி குத்தி வைத்தேன். மறுநாள் காம்பு கொக்கி மாதிரி வளைந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் ஒரு முழுச் சுற்று. ஒரு வாரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால், சுற்றிய இடம் மட்டும் மற்ற இடத்தைவிடத் தடித்து, கட்டையாகிப் போயிருந்தது. ஈர்க்கைப் பிடிக்காத காம்புகளோ மெலிதாக, பச்சையாக அப்படியே இருந்தன. 1865இல் ஏறுகொடிகளைப் பற்றி எழுதிய சார்லஸ் டார்வின் இதைத்தான் பல கிளெமாட்டிஸ் இனங்களில் செய்து பார்த்தார். மெல்லிய நூல் வளையம் ஒன்றைத் தொங்கவிட்டாலே அந்த எடைக்குக் காம்பு வளையத் தொடங்கும் என்று குறித்திருக்கிறார். இலையால் ஏறும் கொடிகள் என்ற அதே வரிசையில் அவர் சேர்த்த இன்னொன்று நம்முடைய செங்காந்தளின் இனம். கார்த்திகையில் நம் வேலிகளில் தீ மாதிரி பூத்து நிற்கும் கண்வலிக்கிழங்குக் கொடியின் இலை நுனியைப் பாருங்கள். சுருண்டு கொக்கியாகி வேலிமுள்ளைப் பிடித்திருக்கும். கிளெமாட்டிஸ் இலையின் காம்பால் பிடிக்கிறது, காந்தள் இலையின் நுனியால் பிடிக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் பூ. கிளெமாட்டிஸின் பூவில் நாம் இதழ் என்று நினைப்பது இதழ் அல்ல, புல்லி. மொட்டை மூடியிருக்கும் பச்சைப் புல்லிதான் இங்கே நிறம் ஏறி, அகலமாகி, இதழின் வேலையைப் பார்க்கிறது. பூவுக்குக் கீழே பச்சையாக வேறு எதுவும் இருக்காது. காகிதப்பூவில் நிறமாக இருப்பது பூ அல்ல என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதற்குச் சொந்தம் இல்லாவிட்டாலும் இதுவும் அதே மாதிரி ஒரு வேடம்தான். வேடம் போடுவதில் இன்னொரு லாபம், புல்லி இதழைவிடக் கெட்டி. பூ சில வாரங்கள்கூடத் தாங்கும்.

பூ முடிந்தபின் விதைகளோடு நீண்ட வெள்ளை வால்கள் வளர்ந்து, இறகுக் கொத்தாக நிற்கும். ஐரோப்பாவில் வேலிகளில் காட்டுத்தனமாக ஏறும் இனத்துக்கு இதனால் "கிழவன் தாடி" என்று பெயர். அதே கொடிக்கு "வழிப்போக்கனின் மகிழ்ச்சி" என்ற பெயரை 1597இல் ஜான் ஜெரார்டு என்ற ஆங்கிலேய மூலிகைக்காரர் வைத்தார். மக்கள் நடந்து போகும் பாதையோர வேலிகளை அது அலங்கரிக்கிறதாம். பயணம், பாதுகாப்பு என்றெல்லாம் கிளெமாட்டிஸுக்குப் பொருள் சொல்கிறார்களே, அதன் வேர் இந்தச் சாலையோர வேலிதான். மரியாவும் குழந்தை இயேசுவும் எகிப்துக்குத் தப்பிப் போகும் வழியில் இந்தக் கொடியின் நிழலில் ஒதுங்கினார்கள் என்ற நாட்டுப்புறக் கதையும் உண்டு. "கன்னியின் பந்தல்" என்ற பெயரை அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வார்கள்.

இதற்கு நேர்மாறாகவும் ஒரு பொருள் இருக்கிறது. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பொருள் வைத்து, பூவாலேயே சேதி சொல்லும் 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மலர்மொழியில் கிளெமாட்டிஸ் என்றால் தந்திரம், பித்தலாட்டம். காரணம் அதன் சாறு. கிளெமாட்டிஸின் இலையைக் கசக்கினால் புரோட்டோஅனிமோனின் என்ற காரமான ரசாயனம் உண்டாகிறது. தோலில் பட்டால் எரிந்து கொப்புளிக்கும். பிரான்சில் பிச்சைக்காரர்கள் இந்தச் சாற்றை மேலில் தேய்த்துப் புண் வரவழைத்து, அதைக் காட்டிப் பிச்சை எடுத்தார்கள். அங்கே இதற்குப் "பிச்சைக்காரர் மூலிகை" என்றே பெயர். இங்கிலாந்தில் விக்டோரியா காலத்து அட்டவணைகளில் இதே பூவுக்கு "மன அழகு" என்று பொருள் போட்டார்கள்; பச்சை மாறாத கிளெமாட்டிஸுக்கு மட்டும் "வறுமை". ஒரு கொத்துப் பூவை அனுப்பினால், வாங்கியவர் எந்த நாட்டு அட்டவணையைப் பார்த்தார் என்பதைப் பொறுத்துக் கல்யாணமும் நடக்கலாம், சண்டையும் வரலாம்.

எனக்குப் பிடித்தது ஜப்பான்காரர்கள் வைத்த பெயர்கள்தான். ஒரு இனத்துக்குத் தெஸ்ஸென், அதாவது இரும்புக் கம்பி. தண்டு மெலிது, ஆனால் முறுக்கினால் அறாது. கிமோனோத் துணியிலும் குடும்பச் சின்னங்களிலும் இந்தப் பூவை வரைந்தார்கள். பூவுக்காக வளர்த்த கொடிக்குத் தண்டைப் பார்த்துப் பெயர் வைத்த அந்தக் கண் பெரிய கண். இன்னொரு இனத்துக்குக் கஸகுருமா, காற்றாடி என்று பெயர். எட்டு இறக்கை விரித்த காற்றாடி மாதிரி பூ இருக்கும். கயத்தாறு பக்கம் பஸ்ஸில் போகும்போது வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர்தான் ஞாபகம் வருகிறது. அந்தக் காற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்; என் கொடிக்கு அது நல்லது செய்யவில்லை.

பெயருக்குள்ளே ஒரு நாட்டின் கதையையே வைத்தவர் போலந்தின் ஸ்டெஃபான் ஃபிரான்ச்சாக். வார்சாவில் இயேசு சபைத் துறவியாக இருந்தவர். மடத்துத் தோட்டத்தில் பல பத்து புதிய கிளெமாட்டிஸ் வகைகளை உருவாக்கினார். வெள்ளையில் ரோஜா கோடு ஓடும் ஒன்றுக்குப் போப் இரண்டாம் ஜான் பால் பெயர். வேறு சிலவற்றுக்கு வெஸ்டர்பிளாட்டே, மோன்ட்டே கசீனோ என்று இரண்டாம் உலகப் போரில் போலந்துக்காரர்கள் போரிட்ட இடங்களின் பெயர்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த நாட்டில் ஒரு துறவி போப்பின் பெயரைத் தோட்டத்துக்குத் தோட்டம் நட்டுவைத்தார். குறியீடு என்று உண்மையிலேயே சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

சீனாவில் பூவைவிட வேருக்குத்தான் மதிப்பு. கிளெமாட்டிஸ் வேர் அவர்கள் மருத்துவத்தில் மூட்டுவலிக்கும் வாத நோய்க்கும் கொடுக்கும் மருந்து. இதை வாசித்தபோது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஒரு கிளெமாட்டிஸ் இருக்கிறது. தமிழில் அதன் பெயர் வாதங்கொல்லி.

1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இலங்கையின் பெயரைச் சேர்த்து விவரித்த கொடி இது. பிறகு நரவேலியா என்று தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லே சிங்களப் பெயரிலிருந்து வந்தது. இப்போது பலர் இதைக் கிளெமாட்டிஸ் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள். இது காம்போடு நிற்கவில்லை, ஒரு படி மேலே போய்விட்டது. மூன்றாகப் பிரிய வேண்டிய இலையில் நடு இலை காணாமல் போய், அந்த இடத்தில் பற்றுக்கம்பி. பூ சிறியது, மஞ்சள் கலந்தது. ஒரு எச்சரிக்கை: வாதங்கொல்லி என்ற பெயரை வேறு சில செடிகளுக்கும் நம் ஆட்கள் வைத்திருக்கிறார்கள். பெயரை மட்டும் நம்பி எதையும் அரைத்துப் பூசவோ குடிக்கவோ கூடாது. கிளெமாட்டிஸ் குடும்பத்துக் காரம் இதற்கும் உண்டு.

இது தவிரக் கொத்துக் கொத்தாகச் சிறு வெள்ளைப் பூ பூக்கும் காட்டுக் கிளெமாட்டிஸ்களும் நம் மலைகளில் உண்டு. மணிமுத்தாறு அணைக்கு மேலே மாஞ்சோலைக்கு ஏறும் பாதையில் ஒரு மாசி மாதம், வண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றபோது, ஓரத்துப் புதரின் மேல் பஞ்சு சிதறிக் கிடப்பதுபோல இருந்தது. இலவம் பஞ்சோ என்று நினைத்தேன். கிட்டப்போய்ப் பார்த்தால் கிழவன் தாடி. ஒவ்வொரு விதைக்கும் ஒரு வெள்ளை வால், வெயில் பட்டு வெள்ளிக் கம்பி மாதிரி. என் தொட்டிச் செடிக்குப் பண்ணாத பூஜை இல்லை. அதன் சொந்தக்காரன் இங்கே கேட்பாரில்லாமல் புதரை மூடிக்கொண்டிருந்தான். புலிகள் காப்பகம் என்பதால் ஒரு தழையையும் தொடாமல் வந்தேன்.

பாளையங்கோட்டைக்கும் இந்தப் பேரினத்துக்கும் பழைய தொடர்பு ஒன்றும் உண்டு. 1830களின் நடுவில் இங்கே கிழக்கிந்தியக் கம்பெனிப் படைப் பிரிவுக்கு மருத்துவராக இருந்தவர் ராபர்ட் வைட். நோயாளிகளைவிடச் செடிகளுக்கு அதிக நேரம் கொடுத்திருப்பாரோ என்று தோன்றும் அளவுக்குத் தென்னிந்தியத் தாவரங்களைத் திரட்டியவர். குற்றாலம் வரை போய்ச் சேகரித்தார். ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் அவருக்காக வரைந்த செடிப் படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. நம் மலைகளின் கிளெமாட்டிஸ் இனம் ஒன்றுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது: கிளெமாட்டிஸ் வைட்டியானா.

சரி, தமிழில் இந்தக் கொடிக்கு என்று தனிக் குறியீடு உண்டா? நான் பார்த்தவரை இல்லை. ஆனால் கொடி என்ற பொதுவான ஒன்றுக்கு நம்மிடம் நிறையவே இருக்கிறது. பற்ற ஒன்றும் இல்லாமல் தவித்த முல்லைக்குப் பாரி தேரையே விட்டுவிட்டுப் போனான். கொழுகொம்பு என்று ஒரு தனிச் சொல்லே வைத்திருக்கிறோம். கொடி என்றால் துவள்வது, சாய்வது, பெண்ணின் இடை, கணவன்தான் கொம்பு என்கிற மாதிரி கல்யாணப் பத்திரிகைகளில் இன்றைக்கும் அடிக்கிறார்கள். ஈர்க்கைச் சுற்றி இறுகிய அந்தக் காம்பைப் பார்த்தவர் யாரும் கொடியைத் துவளுவதற்கு உதாரணமாகச் சொல்ல மாட்டார்கள். இந்த விஷயத்தில் என் ஓட்டு ஜப்பான்காரனுக்கு.

இனி வளர்ப்பு. தோட்டத்துக் கிளெமாட்டிஸ் எல்லாம் குளிர் நாட்டுக் கலப்பு. தெற்கு ஐரோப்பாவின் விட்டிசெல்லா இனம் 1569இலேயே இங்கிலாந்துத் தோட்டத்தில் இருந்தது. இமயமலையின் மோன்டானா 1831இல் அங்கே போனது; கவர்னர் ஜெனரலாக இருந்த ஆம்ஹெர்ஸ்டின் மனைவி கொண்டு போனது. சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பெரிய பூ இனங்கள் வந்து சேர்ந்தபின், வோக்கிங் என்ற ஊரில் ஜாக்மன் குடும்ப நாற்றங்கால்காரர்கள் 1858இல் இரண்டு இனங்களைக் கலந்து, 1862இல் முதல் பூவைப் பார்த்தார்கள். இன்று ஊதாக் கிளெமாட்டிஸ் என்றதும் கண்ணில் வரும் பூ அதுதான். சித்தப்பா வீட்டு வளைவில் இருப்பதும் அந்த ஜாதி.

இதில் எதுவும் நம் சமவெளிக்கென்று பிறந்தது அல்ல. குளிர்காலத்தில் இலையை உதிர்த்துத் தூங்கி, வசந்தத்தில் எழுந்து பழகிய செடிகள். நம் ஊரில் மார்கழி இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். தூக்கமே வராத ஊரில் அது எப்போது எழுந்திருக்கும்? அமெரிக்காவின் டெக்சாஸ் வெயிலில் வளரும் செம்பூ இனம் ஒன்று இருக்கிறதே என்று கேட்பார்கள். உண்மைதான், ஆனால் டெக்சாஸில் பகல் வெயிலோடு குளிர்காலத்தில் உறைபனியும் உண்டு. நமக்கு வெயில் மட்டும்தான்.

"தலை வெயிலில், கால் நிழலில்" என்பது ஐரோப்பியத் தோட்டக்காரர்களின் விதி. கொடி வெயிலைப் பார்க்க வேண்டும், வேர் குளிர்ந்திருக்க வேண்டும். நம் மாடியில் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். சித்திரை வைகாசியில் 38, 39 டிகிரி. தளம் சுடும், தொட்டி சுடும், வேர் வெந்துபோகும். என் கொடி முதல் சித்திரையிலேயே கருகி நுனி வரை காய்ந்தது. செத்துப்போயிற்று என்று தரையோடு வெட்டிவிட்டேன். மூன்று வாரம் கழித்து மண்ணுக்குள்ளிருந்து இரண்டு முளை வந்தது. கன்றை முன்பு இருந்த மட்டத்தைவிட நாலு விரற்கடை ஆழமாக நட்டதன் பலன். கிளெமாட்டிஸை ஆழமாக நடச் சொல்வதற்குக் காரணம், ஒரு பூஞ்சை நோய் வந்து ஒரே ராத்திரியில் தண்டைக் கருக்கிவிடும். மண்ணுக்குள் கணு இருந்தால் திரும்பத் தழையும். நமக்கு அதே ஆழம் வெயிலிலும் உதவுகிறது.

பிடிவாதமாகச் சமவெளியில் வைத்துப் பார்ப்பேன் என்பவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒன்றரை அடி ஆழமாவது இருக்கும் மண் தொட்டி வேண்டும்; பிளாஸ்டிக் வேண்டாம். அதை இன்னும் பெரிய தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணலைப் போட்டு ஈரமாக வையுங்கள். பானைத் தண்ணீர் குளிர்வது மாதிரி வேர் குளிரும். செம்மண், மட்கிய தொழுவுரம், கொஞ்சம் மணல், கொஞ்சம் நார்க்கழிவு. தண்ணீர் நிற்கக் கூடாது. ஐப்பசி அடைமழையில் வேர் அழுகித்தான் பாதிச் செடி போகிறது. மேலே மூடாக்கு, ஆனால் தண்டை ஒட்டிப் போடக் கூடாது. காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கம், பத்து மணிக்கு மேல் நிழல்வலை. கம்பியோ கயிறோ மெலிதாக இருக்கட்டும். தடித்த மூங்கிலைக் காம்பால் சுற்ற முடியாது. பென்சிலைவிட ஒல்லியாக இருந்தால்தான் பிடிக்கும்.

கவாத்து பற்றி எழுதப்பட்டிருப்பதைப் படித்தால் தலை சுற்றும், மூன்று பிரிவு, அதற்குள் உட்பிரிவு. அடிப்படை ஒன்றுதான்: பழைய தண்டில் பூப்பதை வெட்டினால் பூ போகும், புதுத் தளிரில் பூப்பதை வெட்டாவிட்டால் உச்சியில் மட்டும் பூத்து அடி மொட்டையாக நிற்கும். மோன்டானா பழைய தண்டில் பூப்பது, ஜாக்மன் புதுத் தளிரில் பூப்பது. கன்று பெருக்கப் பதியன்தான் சுலபம். குச்சி நடுவதானால் மற்றச் செடிக்குக் கணுவுக்குக் கீழே வெட்டுவதுபோல இதற்கு வெட்டக் கூடாது; இரண்டு கணுவுக்கும் நடுவில் வெட்ட வேண்டும். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எரியும்.

கொடைக்கானல், ஊட்டி உயரத்தில் இந்தக் கவலை எதுவும் வேண்டாம். சித்தப்பா தண்ணீர் ஊற்றுவதோடு சரி.

என் கொடி இரண்டாவது வருடம் ஆடி மாதம் முடிந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வரும் காற்று, குற்றாலத்தில் சாரலைப் போட்டுவிட்டு நம் பக்கம் வரும்போது காய்ந்து போயிருக்கும். கயத்தாற்றுக் காற்றாலையைச் சுற்றுகிற அதே காற்று ஒரு வாரத்தில் இலையை எல்லாம் உரித்துவிட்டது. மண்ணுக்குள்ளிருந்தும் இந்த முறை ஒன்றும் வரவில்லை.

ஐப்பசியில் அதே தொட்டியில் செங்காந்தள் கிழங்கு ஒன்றைப் புதைத்தேன். முதல் மழைக்கே முளைத்து வந்தது. ஏற வழி விடலாம் என்று கம்பியில் ஒட்டியிருந்த பழைய சருகுகளைக் கையால் இழுத்தேன். தண்டு முறிந்து வந்துவிட்டது, இலை நொறுங்கிவிட்டது. காம்பு மட்டும் வரவில்லை. செத்து மூன்று மாதம் ஆன பிறகும் கம்பியைச் சுற்றிய சுற்று அப்படியே இறுகிக் கிடந்தது. கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது ஆச்சி மறுபடியும் சுவரோரம் வந்தார்.

"இது எதுக்குல?"

"கார்த்திகைப் பூ, ஆச்சி."

"அதுவா," என்றார். "சரி, வளரட்டும்."